பால் வடியும் குளிர்நாட்டுக் கீரை



பால் என்றவுடன் நம் தோட்டத்து மக்களுக்குப் பால்மரத்தின் நினைவுதான் முதலில் வரும். இன்று பல தோட்டங்களில் செம்பனை நிமிர்ந்து நின்றாலும், பட்டையைச் சீவியதும் வெண்பால் சொட்டும் காட்சியை நம் முதியோர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் மரம் மட்டுமா பால் சுரக்கிறது? ஒரு கீரையும் சுரக்கிறது. சந்தையில் 'டாவுன் சலாட்' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தச் சலாட் கீரையின் தண்டை அடியோடு அறுத்துப் பாருங்கள். அறுத்த இடத்தில் வெள்ளைப் பால் துளிர்க்கும். இலத்தீன் மொழியில் 'லாக்' என்றால் பால். அதனால்தான் தாவர நூலார் இக்கீரையின் இனத்திற்கு 'லாக்டுகா' என்று பெயரிட்டனர். அந்தப் பாலில் மிகச் சிறிதளவு ரப்பரும் உண்டு என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கின்றனர். அதைக் கொண்டு ஒரு பென்சில் அழிப்பான்கூடச் செய்ய இயலாது என்பது வேறு கதை.

சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த இச்சிறு செடியைப் பற்றி எழுத நான் முற்பட்டதற்கு ஒரு காரணம் உண்டு. இதை வளர்க்கப் போய் நான் ஒரு தவறு செய்தேன். அந்தத் தவற்றையும், அதிலிருந்து கற்ற பாடத்தையும் இவ்வாண்டு மலரில் எழுதுவது என் கடமை.

முளைக்காத பாத்தி

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளித் தோட்டத்தில் வழக்கமான வெண்டைக்கும் கத்தரிக்கும் பதிலாகப் புதிதாக ஏதேனும் பயிரிட எண்ணினேன். பட்டணத்துக் கடையில் சலாட் விதைப் பொட்டலங்கள் இரண்டு வாங்கி வந்தேன். ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் பாத்தி கட்டினார்கள். பயற்றங்காய் விதையை ஊன்றுவது போலவே விரலால் குழியிட்டு, ஓர் அங்குல ஆழத்தில் விதைக்கச் சொன்னேன். அவ்வாறே செய்தார்கள். நல்ல வெயில் காலம். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஒரு மாணவனிடம் ஒப்படைத்தேன்.

பத்து நாள் ஆயிற்று. முளை ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வாரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில முளைத்தன. அவையும் இலை விரியாமல் ஒல்லியாக உயர்ந்து வளர்ந்தன. வாயில் வைத்தால் வேம்பு போலக் கசந்தன. அம்மாணவனை வகுப்பின் முன் நிறுத்தி, அவனுடைய அக்கறையின்மையால்தான் பயிர் கெட்டது என்று கடிந்துகொண்டேன்.

"ஐயா, ரெண்டு வேளையும் தண்ணி ஊத்துனேங்க ஐயா" என்றான் அவன். நான் நம்பவில்லை.

பயிர் கெட்டதற்குக் காரணம் எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லும் துணிவும் எனக்கு இல்லை. பழி ஒரு சிறுவன் தலையில் விழுந்தது.

அந்நாள்களில், இப்பள்ளியில் என்னிடம் பயின்று, பின்னர் இங்கிலாந்துக்குச் சென்று தாதியாகப் பணியாற்றும் ஒரு பெண்மணிக்கு மடல் எழுத நேர்ந்தது. அவர் அங்கே ஒரு துண்டு நிலத்தை வாடகைக்கு எடுத்துக் கீரையும் காயும் பயிரிடுபவர். நான் பாத்தியின் கதையை எழுதினேன். பதில் வந்தது: "ஐயா, தவறாக எண்ணாதீர்கள். தம்பி மீது குற்றமில்லை. வெயில் மீதும் விதைத்த ஆழத்தின் மீதும்தான் குற்றம்."

விதையின் உறக்கம்

அதன் பிறகுதான் நான் இது பற்றிப் படிக்கத் தொடங்கினேன். சலாட் விதை குளிர்ச்சியில் முளைக்கும் விதை. 15 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பம் அதற்கு மிகவும் உகந்தது. 5 பாகைக்குக் குளிர்ந்த மண்ணிலும் மெதுவாக முளைக்கும். ஆனால் 25 பாகையைக் கடந்து வெப்பம் ஏற ஏற, ஈரம் இருந்தாலும் முளைக்க மறுத்து உறங்கிவிடும். விதை செத்துப் போகவில்லை; காத்திருக்கிறது.

ஏன் இப்படி? இக்கீரையின் காட்டு மூதாதை மத்தியதரைக் கடலைச் சுற்றிய நாடுகளிலும் மேற்கு ஆசியாவிலும் வளர்வது. அங்கே கோடை கடுமையான வறட்சிக் காலம். கோடையில் எப்போதாவது பெய்யும் ஒரு மழையை நம்பி முளைத்தால், அடுத்த வாரமே இளஞ்செடி கருகிப் போகும். ஆகவே நிலம் குளிரும் வரை உறங்குவதே விதைக்குப் பாதுகாப்பு. நம் பாத்தியின் மேல்மண் நண்பகலில் எவ்வளவு சுடும் என்பதை வெறுங்காலோடு நடந்தவர்கள் அறிவார்கள். அந்தச் சூட்டில் விதை கண் திறக்குமா?

இரண்டாவது காரணம் ஒளி. சலாட் வகைகள் பலவற்றின் விதை முளைக்க வெளிச்சமும் வேண்டும். 1952ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் என்னும் அறிவியலார் தம் தோழர்களுடன் இதை ஆராய்ந்தனர். 'கிராண்டு ராப்பிட்ஸ்' என்னும் சலாட் வகையின் ஈரமான விதைகள் மீது சிவப்பு ஒளியைப் பாய்ச்சினர், விதைகள் முளைத்தன. அதற்குப் பின் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் தொலைச் சிவப்பு ஒளியைப் பாய்ச்சினர், முளைக்கவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சியபோது, கடைசியாக எந்த ஒளி பட்டதோ அதன்படியே விதை நடந்துகொண்டது. விதைக்குள் ஒளியை உணரும் ஒரு நிறமி இருப்பது இதனால் தெரிய வந்தது. பின்னர் அதற்கு 'ஃபைட்டோகுரோம்' என்று பெயரிட்டார்கள்.

இதன் பயன் என்ன? பெரிய செடிகளின் இலைகள் சிவப்பு ஒளியை உண்டுவிட்டுத் தொலைச் சிவப்பைக் கீழே விடுகின்றன. ஆகவே தன் மேல் வேறு செடியின் நிழல் இருக்கிறதா, திறந்த வானம் இருக்கிறதா என்பதைக் கண்ணில்லாத அந்தச் சிறு விதை அறிந்துகொள்கிறது. நான் ஓர் அங்குல ஆழத்தில் புதைக்கச் சொன்னேன். அங்கே வெளிச்சம் ஏது? முளைத்தாலும் அவ்வளவு மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வர அந்த மெல்லிய முளைக்கு வலிமை ஏது?

குளிர்நாட்டுத் தோட்டத்தில் ஓராண்டு

அந்தப் பெண்மணி அதன் பின் ஓராண்டுக் காலம் தம் தோட்ட வேலையை மடல்களில் எழுதி வந்தார். குளிர்நாட்டில் திறந்த வெளியில் கீரை வளர்ப்பது எப்படி என்பதை அவற்றிலிருந்து தொகுத்துத் தருகிறேன்.

முதலில் நிலத்தைப் பற்றி ஒரு சொல். இங்கிலாந்தில் சொந்த நிலம் இல்லாதவர்கள் பயிரிடுவதற்கென்று ஊர் மன்றங்கள் துண்டு நிலங்களை ஆண்டு வாடகைக்குத் தருகின்றன. 1908ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கடமையை மன்றங்கள் மீது சுமத்தியது. ஒரு முழுத் துண்டு வழக்கமாக ஏறத்தாழ 250 சதுர மீட்டர். லயத்து வீட்டின் பின்புறத்தில் நம் தாய்மார்கள் முருங்கையும் கீரையும் வளர்த்தது போல, அங்கே தொழிலாளரும் ஓய்வு பெற்றோரும் மண்வெட்டியோடு நிற்கிறார்கள்.

மார்ச் மாதத்தில் அங்கே மண் இன்னும் சில்லென்று ஈரமாக இருக்கும். அனுபவம் இல்லாதவர்கள் நாள்காட்டியைப் பார்த்து அவசரப்படுவார்கள். தேர்ந்தவர்கள் கண்ணாடியாலோ பிளாஸ்டிக்காலோ பாத்தியை இரண்டு வாரம் மூடி, மண்ணைச் சற்றுச் சூடேற்றிய பிறகே விதைப்பார்கள். ஏப்ரலில் மண் தானாகவே இளஞ்சூடு கொள்ளும். மக்கிய எரு கலந்த மண்ணைப் பொடியாக்கிச் சமப்படுத்தி, ஒரு குச்சியால் ஒரு சென்டிமீட்டருக்கு மிகாமல் கோடு கிழிப்பார்கள். முதலில் கோட்டிலே தண்ணீர் விட்டு, பிறகு விதையை மெல்லத் தூவி, மேலே மண்ணைச் சலித்தது போல் மூடுவார்கள்.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. பொட்டலம் முழுவதையும் ஒரே நாளில் விதைப்பதில்லை. ஒரு சிறு வரிசை மட்டுமே விதைப்பார்கள். பதினான்கு நாள் கழித்து இன்னொரு சிறு வரிசை. மேலும் பதினான்கு நாளில் மற்றொன்று. எல்லாவற்றையும் ஒன்றாக விதைத்தால் எல்லாம் ஒன்றாகவே முற்றும். ஒரு வாரம் அண்டை அயலாருக்கெல்லாம் கொடுத்தும் மிஞ்சும். அடுத்த வாரம் ஓர் இலைகூட இராது. சிறிது சிறிதாக விதைப்பவர் வீட்டில் ஏப்ரல் விதைப்பு ஜூனில் இலை தரும். மே விதைப்பு அதைத் தொடரும்.

முளைகள் இரண்டு மூன்று இலை விட்டதும் நெருக்கமானவற்றைக் கலைத்துவிட வேண்டும். சிறு வகைக்குச் செடிக்குச் செடி 15 சென்டிமீட்டர், கோசு போல் உருளும் பெருவகைக்கு 30 சென்டிமீட்டர் இடைவெளி. கலைத்த இளஞ்செடிகளும் வீணல்ல. அவையே அன்றைய உணவு. உருளாமல் விரியும் வகையில் வெளி இலைகளை மட்டும் பறித்துக்கொண்டு நடுக்குருத்தை விட்டுவைத்தால், அது மீண்டும் மீண்டும் இலை தரும். விதைத்த ஆறு முதல் எட்டு வாரத்தில் இவ்வகை பறிப்புக்கு வரும். உருளும் வகைக்கு மேலும் சில வாரம் பொறுக்க வேண்டும்.

ஜூன் மாதம் வந்ததும் ஓர் ஆபத்து. அம்மாதத்தில் இலண்டனில் பகற்பொழுது 16 மணி நேரத்திற்கு மேல் நீளும். நீண்ட பகலும் வெப்பமும் சேர்ந்தால், செடி இலை வளர்ப்பதை நிறுத்திவிட்டுப் பூக்க விரையும். நடுவிலிருந்து ஒரு தண்டு கிளம்பும். பால் பெருகும்; அந்தப் பாலில் உள்ள கசப்புப் பொருளும் பெருகும். இலையை வாயில் வைக்க முடியாது. எங்கள் பாத்தியில் ஒல்லியாக உயர்ந்த செடிகளுக்கும் நேர்ந்தது இதுவே. இங்கே பகல் நீளவில்லை என்றாலும் வெப்பமே அவற்றை விரட்டியது. அங்குள்ளோர் கோடைச் செடிகளை உயர்ந்த அவரைப் பந்தலின் நிழலில் வைத்து, மண் காயாமல் பார்த்துக்கொள்வார்கள். ஜூலையில் விதைப்பதாக இருந்தால் பிற்பகல் சாய்ந்த பிறகே விதைத்துக் குளிர்ந்த நீர் விடுவார்கள். விதை ஈரம் உறிஞ்சி விழிக்கும் முதல் சில மணி நேரம் இரவின் குளிர்ச்சியில் கழிய வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

பகைவருக்கும் குறைவில்லை. அவருள் முதல்வன் ஓடில்லாத நத்தை. மழை பெய்த இரவில் ஒரு வரிசை நாற்றை அது மொட்டையாக்கிவிடும். கைவிளக்கோடு இரவில் சென்று பொறுக்கி எடுப்பதே பழைய வழி. காலையில் நீர் பாய்ச்சினால் இரவில் மண்ணின் மேற்பரப்பு ஈரமாக இராது. நத்தையின் நடமாட்டமும் குறையும்.

ஆகஸ்டிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் குளிரைத் தாங்கும் வகைகளை விதைப்பார்கள். 'வின்டர் டென்சிட்டி' என்னும் சலாட் வகை அவற்றுள் ஒன்று. அக்டோபரில் உறைபனி இறங்கத் தொடங்கும். அப்போது செடிகளுக்குக் கண்ணாடி மூடி கவிழ்ப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துத் தோட்டக்காரர்கள் மணி போன்ற கண்ணாடிக் குடுவைகளைச் செடிகளின் மேல் கவிழ்த்து, குதிரைச் சாணம் மக்கும்போது எழும் வெம்மையால் பாத்தியைச் சூடேற்றி, நடுக்குளிரிலும் நகரத்தாருக்குக் கீரை கொடுத்தார்கள். ஆனால் டிசம்பரில் பகல் 8 மணி நேரத்திற்கும் குறைந்துவிடும். மூடி போட்டாலும் செடி வளராது. உயிரோடு நிற்கும், அவ்வளவே. இளவேனில் திரும்பி ஒளி பெருகும்போது, வேர் ஊன்றி நின்ற அச்செடிகள் புதிதாக விதைத்தவற்றை முந்திக்கொண்டு வளர்ந்து, மற்றவர்கள் விதைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் இலை தரும். இப்படியாக ஆண்டுச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது.

நம் நாட்டில் குளிர் எங்கே?

அப்படியானால் நம் சந்தைக்கு வரும் சலாட் எங்கிருந்து வருகிறது என்று மாணவர்கள் கேட்கலாம். பெரும்பகுதி கேமரன் மலையிலிருந்து வருகிறது. ஆயிரம் மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ 6 பாகை வீதம் வெப்பம் குறையும். கடல் மட்டத்திற்கு 1,400 மீட்டருக்கு மேல் அமைந்த தானா ராத்தாவில் சராசரி வெப்பம் 18 பாகை அளவில் இருக்கிறது. இங்கிலாந்தின் நல்ல கோடைநாள் போன்ற குளுமை அங்கே ஆண்டு முழுவதும் உண்டு. ஆனால் பகல் மட்டும் நம் ஊரைப் போலவே எப்போதும் 12 மணி நேர அளவுதான். கோடைப் பகலின் நீளமும் இல்லை; உறைபனியும் இல்லை. ஆகவே எல்லா மாதமும் விதைக்கலாம். மலையின் கனமழை மெல்லிய இலைகளைக் கிழித்துவிடும் என்பதால் இப்போது பலர் பிளாஸ்டிக் கூரையின் கீழ் பயிரிடுகிறார்கள். தேயிலைத் தோட்டங்களில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து வரும் அந்த மலையின் குளுமைதான் நம் தட்டில் இலையாக வந்து சேர்கிறது.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சலாட் இலையில் நூற்றுக்கு 95 பங்கு நீர். நல்ல உணவுதான், ஆனால் விலை கூடுதல் என்பதால் சத்தும் கூடுதல் என்று எண்ண வேண்டா. நம் வீட்டுக் கொல்லையில் தானாக முளைக்கும் தண்டுக்கீரையில் சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் அதைவிட மிகுதி. சலாட்டைப் பச்சையாக உண்பதால் ஒவ்வோர் இலையாகப் பிரித்து, ஓடும் நல்ல நீரில் நன்கு கழுவ வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

மறுபடியும் விதைத்தோம்

மடல்கள் வந்து முடிந்த மறு ஆண்டில் மீண்டும் முயன்றோம். இம்முறை உருளாத, வெப்பத்தை ஓரளவு தாங்கும் வகையைத் தேர்ந்தோம். விதையை ஈரத் துணியில் சுற்றி, ஆசிரியர் அறைக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு நாள் வைத்தோம். மாலை ஐந்து மணிக்கு மேல், மண்ணின் மேலாகவே விதைத்து, பொடி மண்ணை மெல்லத் தூவினோம். நண்பகல் வெயில் படாதவாறு தென்னங்கீற்றால் தாழ்வான பந்தல் போட்டோம். நான்காம் நாள் காலையில் பாத்தி முழுவதும் பச்சைப் புள்ளிகள். தண்டு கிளம்பும் வரை காத்திராமல் ஐந்தாம் வாரத்திலேயே இளம் இலைகளாகப் பறித்தோம். கசப்பு இல்லை.

விதைப்பதற்கு முன், காலைச் சபை கூடலில், நான் எல்லா மாணவர்கள் முன்னிலையிலும் அந்த மாணவனை அழைத்தேன். அப்போது அவன் ஆறாம் ஆண்டில் இருந்தான். "சென்ற ஆண்டு பயிர் கெட்டதற்குக் காரணம் நீ அல்ல, நான் சொன்ன முறைதான் தவறு. உண்மை சொன்ன உன்னை நான் நம்பவில்லை. அதற்காக வருந்துகிறேன்" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "ஐயா, இந்தத் தடவையும் நானே தண்ணி ஊத்தட்டுங்களா?"

ஆடிப் பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்று பழமொழி சொல்லி வந்தது நம் சமுதாயம். பருவம் அறிந்து பயிரிடுமாறு ஔவையார் கூறிய அறிவுரையை நான் முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஒப்பிக்கக் கற்றுத் தந்திருக்கிறேன். அப்படியிருந்தும், குளிர்நாட்டு விதையை நண்பகல் வெயிலில் ஆழப் புதைத்துவிட்டு, தண்ணீர் ஊற்றியவனைக் குற்றம் சொன்னேன். ஒப்பித்தல் வேறு, அறிதல் வேறு என்பதை ஒரு கீரை எனக்குக் கற்பித்தது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை மற்றப் பிள்ளைகளைப் போல விரைவாகப் படிக்கவில்லை என்றால், சோம்பேறி என்று சொல்வதற்கு முன் சற்றுப் பொறுங்கள். அவன் இருக்கும் இடத்தில் ஒளி இருக்கிறதா, வெம்மை மிகுந்துவிட்டதா, நாம் மிக ஆழத்தில் புதைத்துவிட்டோமா என்று பாருங்கள். ஆசிரியர்களாகிய நாங்களும் பார்க்கிறோம். மாணவர்களே, உங்கள் கையால் ஒரு வரிசை விதையுங்கள். முளைக்காவிட்டால் ஏன் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியோடு என் அறைக்கு வரும் எவருக்கும் கதவு திறந்தே இருக்கும்.



தலைமையாசிரியர்